ஓட்டு ஒன்று, மதிப்பு 176: குடியரசுத் தலைவர் தேர்தல் கணக்கு

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க நாம் யாரும் வாக்குச் சாவடிக்குப் போவதில்லை. ஆனாலும் அந்தத் தேர்தலில் நம் தலையும் எண்ணப்படுகிறது. எந்த மாநிலத்தில், எந்த வருஷம் எண்ணினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இத்தேர்தலில் வாக்களிப்பவர்கள் பாராளுமன்றத்தின் இரு சபைகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், சட்டசபை உறுப்பினர்களும்தான். டில்லி, புதுச்சேரி சட்டசபைகளுக்கும் இந்த உரிமை உண்டு. நியமன உறுப்பினர்களுக்கும் மேலவை உறுப்பினர்களுக்கும் இல்லை.

எம்.எல்.ஏ. ஒவ்வொருவரும் போடுவது ஒரு சீட்டுத்தான். ஆனால் அதன் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாநிலத்தின் ஜனத்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1971-ல் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 4,11,99,168. எம்.எல்.ஏ.க்கள் 234 பேர். வகுத்துப் பார்த்தால் 176 வரும். இதே கணக்கில் மகாராஷ்டிரத்துக்கு 175, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7.

எல்லா எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டி எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எம்.பி.யின் மதிப்பு கிடைக்கும். 2022 தேர்தலில் அது 700. அந்தத் தேர்தலில் திரௌபதி முர்மு 6,76,803 மதிப்பும், யஷ்வந்த் சின்ஹா 3,80,177 மதிப்பும் பெற்றனர்.

செல்லத்தக்க ஓட்டுகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் பெற்றவரே வெற்றி பெறுவார். முதல் சுற்றில் யாருக்கும் அது கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்தைப் பார்ப்பார்கள். 1969-ல் வி.வி. கிரி அப்படித்தான் வென்றார். முதல் சுற்றில் அவருக்குக் கிடைத்தது 4,01,515, பாதியைத் தாண்டவில்லை. முடிவில் 4,20,077 பெற்று, 4,05,427 பெற்ற சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்தார்.

1971-ஆம் வருஷக் கணக்கை ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலங்களின் பலம் குறையக் கூடாது என்று 1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதை நிறுத்தி வைத்தார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வெளியாகும் வரை அதுவே செல்லும் என்று 84-ஆவது திருத்தம் நீட்டித்தது.

அதை எடுத்துவிட்டு 2011 கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? இன்றுள்ள இடங்களையே வைத்து வகுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டுக்கு 308, மகாராஷ்டிரத்துக்கு 390, உத்தரப் பிரதேசத்துக்கு 496. 1971-ல் மகாராஷ்டிரத்தைவிட ஒன்று கூடுதலாக இருந்த நாம், இதில் 82 பின்தங்கி விடுகிறோம்.

மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1971-ல் திருநெல்வேலியில் எண்ணப்பட்டு, பிறகு வேலை தேடி தாராவிக்கு வந்தவர், இந்தக் கணக்கில் இன்னும் தமிழ்நாட்டுக்காரர்தான். அவருக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் எந்த மாநிலக் கணக்கிலும் இல்லை. புதிய கணக்கு வரும்போது அந்தக் குடும்பம் முழுவதும் மகாராஷ்டிரத்தில் சேரும், இங்குள்ள எம்.எல்.ஏ.வின் சீட்டுக்குத்தான் கனம் கூட்டும்.

கனம் கூட்டுவது நம் தலை. ஆனால் அந்த எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டைப் பலர் ஊர்ப் பட்டியலிலேயே விட்டு வைத்திருக்கிறோம். தேர்தல் நாளன்று ஊருக்குப் போக லீவும் கிடைப்பதில்லை, டிக்கெட்டும் கிடைப்பதில்லை. இங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்கள், ஊர்ப் பட்டியலிலிருந்து இந்தத் தொகுதிப் பட்டியலுக்குப் பெயரை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். தலையை ஓரிடத்திலும் ஓட்டை வேறிடத்திலும் வைத்திருப்பவனை எந்த எம்.எல்.ஏ.வும் தேடி வரமாட்டார்.