மைனஸ் 25,812 டம்ளர் தண்ணீர்

இன்றைக்கு இன்டிஜர், அதாவது முழு எண். கணக்குப் பாடத்தில் முழு எண்களுக்கு முடிவே கிடையாது. கம்ப்யூட்டரில் உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

திருவண்ணாமலையில் ஒரு சித்ரா பௌர்ணமி. கிரிவலப் பாதையில் எங்கள் தெருக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். 6,000 லிட்டர் டேங்க். 150 மில்லி டம்ளரில் ஊற்றினால் 40,000 டம்ளர் வரும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் நான் ஒரு கவுண்டர் செய்து கொடுத்தேன். ஒரு டம்ளர் ஊற்றினால் ஒன்று கூடும். 35,000 தாண்டினால் சிவப்பு லைட் எரியும்; உடனே அடுத்த லாரிக்குச் சொல்லணும்.

லைட் எரியவே இல்லை. விடியற்காலையில் குழாயில் காற்றுதான் வந்தது. வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள். பந்தலைப் பார்த்துக்கொண்ட பெரியவர், "சிவப்பு எரியலையே தம்பி, அதை நம்பித்தானே இருந்தேன்" என்றார். திரையைப் பார்த்தால் மைனஸ் 25,812!

என்ன நடந்தது? எண்ணிக்கையை 'இன்ட்' என்று எழுதியிருந்தேன். அந்த போர்டில் இன்ட்டுக்கு 16 பிட். ஒரு பிட்டில் 0 அல்லது 1, இரண்டே நிலை. 3 பிட் என்றால் எட்டு நிலை. நம்ம அஷ்டலிங்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். இந்திரலிங்கம் 0, அக்னி 1, எமன் 2, நிருதி 3. மைனஸ் எண்ணும் வேணுமே? அதற்கு மீதிப் பாதி. இந்திரலிங்கத்துக்கு ஒன்று பின்னால் இருக்கும் ஈசான்யம் மைனஸ் 1, குபேரன் மைனஸ் 2, வாயு மைனஸ் 3, வருணன் மைனஸ் 4. இப்போது நிருதியிலிருந்து ஒரு லிங்கம் முன்னால் நடங்கள். 3-க்கு அடுத்தது மைனஸ் 4!

16 பிட் என்பது 65,536 லிங்கம் உள்ள கிரிவலம். 32,767-க்கு அடுத்து மைனஸ் 32,768. அப்புறம் 35,000 எப்படி வரும்? திரையில் இருந்ததோடு 65,536-ஐக் கூட்டினால் 39,724. அதுதான் நிஜக் கணக்கு.

'இன்ட்' என்ற ஒரு சொல்லை 'லாங்' என்று மாற்றினேன். அது 32 பிட்; 214 கோடிக்கும் மேல் போகும். அதற்கும் எல்லை உண்டு. 2014-இல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வை எண்ணிக்கை அந்த எல்லையை நெருங்கியதால், யூடியூப் 64 பிட்டுக்கு மாற வேண்டிவந்தது.

ஒரு எண்ணுக்கு இடம் ஒதுக்கும் முன்னால், "இது அதிகபட்சம் எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். நான் கேட்கலை. வீட்டில் 200 டம்ளர் வரைக்கும் சோதித்துவிட்டு, சரியா இருக்கு என்று கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.