முதுகைக் காக்கும் ஸ்ட்ரெச்சர்

விபத்து நடந்த இடத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் பட்டை மாட்டியாயிற்று. சுற்றி நிற்பவர்களின் கண்ணெல்லாம் அவர் மேல்தான். அவரது கால்மாட்டில் நின்று, இரு கைகளாலும் கம்பியைப் பற்றி, தம் பிடித்து அந்தச் சுமையை வண்டிக்குள் ஏற்றுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. அந்த நான்கைந்து வினாடிகளில் அவருடைய அடிமுதுகில் நடப்பது என்ன என்பதை அளந்து பார்த்தவர்கள், ஸ்ட்ரெச்சரையே மாற்றியமைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

முதலில் சுமையின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் கையால் இயக்கும் ஸ்ட்ரெச்சர்களில் ஒன்று, ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் எம்எக்ஸ்-ப்ரோ ஆர்3. அதன் எடை ஏறக்குறைய 37 கிலோ. அதில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்தால் மொத்தம் 117 கிலோ. தரையோடு தாழ்ந்திருக்கும் அதை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவர, தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக நின்று தூக்க வேண்டும். ஆளுக்குச் சுமார் 58 கிலோ.

58 கிலோ அரிசி மூட்டையை முதுகில் ஏற்றுகிறவர்கள் நம் ஊரில் உண்டே என்று தோன்றலாம். மூட்டை முதுகெலும்புக்கு நேர் மேலே உட்காருகிறது. ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியோ உடம்புக்கு முன்னால், முதுகெலும்பிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்தச் சுமை நம்மை முன்னால் கவிழ்க்காமல் இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைகள், முதுகெலும்பு வட்டின் மையத்திலிருந்து வெறும் 6 செ.மீ. தூரத்தில் இருக்கின்றன. பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகையில் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். குட்டைப் பக்கம் இருப்பவர் ஆறேழு மடங்கு அழுத்தினால்தான் பலகை சமமாக நிற்கும். 58 கிலோவைத் தாங்க முதுகுத் தசை ஏறத்தாழ 390 கிலோ விசையோடு இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் இடுப்பின் அடிமட்டத்து வட்டை நசுக்கும் பாரமாகிறது. குனியும்போது நம் தலை, மார்பு, கைகளின் எடையும் அதோடு சேரும். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

எவ்வளவு பாரம் வரை தாங்கலாம்? அமெரிக்காவில் பணியிட உடல்நலத்தை ஆராயும் அரசு நிறுவனமான நயோஷ், அந்த வட்டின் மேல் விழும் அழுத்தம் 3,400 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்கிறது. கிலோவில் சொன்னால் சுமார் 347. தூக்கும் சுமைக்கும் அது 1991இல் ஒரு வரம்பு வகுத்தது: நிமிர்ந்து நின்று, சுமையை உடம்போடு அணைத்து, திரும்பாமல் முறுகாமல் தூக்கினால்கூட 23 கிலோ. நோயாளிகளைத் தூக்கும் வேலைக்கு அதுவும் அதிகம் என்று 2007இல் அதன் ஆய்வாளர் ஒருவர் 16 கிலோவைப் பரிந்துரைத்தார். காரணம் எளிது. நோயாளி அசைவார், வலியில் துள்ளுவார், திடீரென்று பக்கவாட்டுக் கம்பியை எட்டிப் பிடிப்பார்.

இந்தத் தூக்கல் ஒரு நோயாளிக்கு ஒரு தடவையோடு முடிவதில்லை. கிடத்திய பிறகு உயர்த்த வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும், மருத்துவமனை வாசலில் இறக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் பணியில் ஏழெட்டு அழைப்புகள் வந்தால் என்ன ஆகும்? 'டிஸ்க் விலகிவிட்டது' என்று சொல்கிறார்களே, அது பெரும்பாலும் ஒரே நாளில் விலகுவதில்லை. வட்டின் உறையில் நுண்ணிய கிழிசல்கள் சேர்ந்து சேர்ந்து, ஒரு நாள் ஒரு சாதாரணத் தூக்கலில் பிதுங்குகிறது.

பேட்டரியில் இயங்கும் ஸ்ட்ரெச்சர் இங்கேதான் நுழைகிறது. அதன் அடிச்சட்டத்தில் ஒரு சிறிய மின்மோட்டார், ஒரு பம்ப், எண்ணெய் நிரம்பிய ஒரு உருளை இருக்கும். பொத்தானை அழுத்தினால் பம்ப் எண்ணெயை உருளைக்குள் தள்ளும்; உருளையின் தண்டு வெளியே வந்து, எக்ஸ் வடிவில் மடிந்த கால்களை நிமிர்த்தும். ஜேசிபி இயந்திரத்தின் கையை உயர்த்துவதும் இதே நீரியல் தத்துவம்தான். அதே ஸ்ட்ரைக்கரின் பவர்-ப்ரோ எக்ஸ்டி 318 கிலோ வரை தாங்கும். பக்கத்தில் நிற்கிற ஊழியர் நிமிர்ந்தபடியே நோயாளியின் முகத்தையும் மூச்சையும் கவனிக்கலாம். இரண்டு பேரின் கை வேகம் ஒத்துப்போகாததால் வரும் குலுக்கலும் இருக்காது. முதுகுத்தண்டிலோ இடுப்பெலும்பிலோ அடிபட்டவருக்கு இது சின்ன விஷயமில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டால் ஒரு கைப்பிடியை இழுத்துக் கையாலேயே உயர்த்திக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கருவியின் எடை 57 கிலோ. மோட்டாரும் பேட்டரியும் உருளையும் சேர்ந்து, கையால் இயக்கும் ஸ்ட்ரெச்சரைவிட 20 கிலோ கூட்டிவிட்டன. விளம்பரப் படங்களில் இது கண்ணில் படுவதில்லை. தரையிலிருந்து உயர்த்தும் வேலையை இயந்திரம் செய்கிறது, சரி. வண்டியில் ஏற்றும்போது? தலைமாட்டுச் சக்கரங்கள் வண்டியின் தளத்தில் ஏறி உட்கார்ந்ததும் கால்களை மேலே மடக்க வேண்டும். மடங்கும் அந்த நேரத்தில் தலைப்பக்கத்துச் சுமையை வண்டி தாங்குகிறது. கால்பக்கத்துச் சுமையை ஓர் ஊழியர் தாங்குகிறார். மனித உடலின் எடை தலைப்பக்கம் சற்று அதிகம் என்பதால் அவர் பங்கு பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கையால் இயக்கும் ஸ்ட்ரெச்சரில் 117 கிலோவில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கியவர், இங்கே 137 கிலோவில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தாங்குகிறார். மிக ஆபத்தான அந்த ஒரு கட்டத்தில் மட்டும் அவருடைய சுமை கூடியிருக்கிறது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஏற்றும் கருவி. ஆம்புலன்ஸின் தரையில் பொருத்தப்பட்ட ஒரு தண்டவாளம். அதிலிருந்து நீளும் கை ஸ்ட்ரெச்சரைக் கவ்வி, தானே முழுச் சுமையையும் தாங்கிக்கொள்ளும். கால்கள் மடங்கியதும் ஊழியர் உள்ளே தள்ளினால் போதும். ஓடும் வண்டியில் ஸ்ட்ரெச்சர் நகராமல் பூட்டிவைப்பதும் இதன் வேலை. மோதலின்போது 10 ஜி விசையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 137 கிலோ சுமை அந்தக் கணத்தில் 1,370 கிலோவாக முன்னால் பாயும். அதைப் பிடித்துவைக்கும் பூட்டு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பலன் உண்டா என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் ஆஸ்டின் நகர ஆம்புலன்ஸ் சேவை மின் ஸ்ட்ரெச்சருக்கு மாறியதை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரையின்படி, நூறு முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 61 ஆக இருந்த பணியிடக் காயங்கள் 29க்குக் குறைந்தன. ஆனால் இது முன்பும் பின்பும் என்ற ஒப்பீடு மட்டுமே. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த வேறு மாற்றங்களுக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம். எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு. நயாகரா வட்டார ஆம்புலன்ஸ் சேவை மின் ஸ்ட்ரெச்சரையும் ஏற்றும் கருவியையும் சேர்த்தே வாங்கியது. பக்கத்து ஹாமில்டன் நகரம் பழைய ஸ்ட்ரெச்சரையே வைத்திருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் நயாகராவில் ஸ்ட்ரெச்சரால் வரும் தசை, எலும்புக் காயங்கள் 78 சதவீதம் குறைந்திருந்தன, ஹாமில்டனில் கூடியிருந்தன. விடுப்பு, சிகிச்சை, இழப்பீடு ஆகியவற்றில் மிச்சமாகும் பணம், கருவியின் ஆயுட்காலத்துக்குள்ளேயே அதன் விலையை ஈடுகட்டிவிடும் என்றும் 2017இல் வெளியான அந்த ஆய்வு கணக்கிட்டது. ஸ்ட்ரெச்சரும் ஏற்றும் கருவியும் சேர்ந்தால் விலை பல்லாயிரம் டாலர் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

நோயாளியின் பக்கமும் ஒன்று உண்டு. 1996 முதல் 2005 வரை அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்த 671 ஸ்ட்ரெச்சர் கோளாறுப் புகார்களை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேல் ஒரே வகை என்று தெரிந்தது: ஸ்ட்ரெச்சர் பொத்தென்று சரிந்துவிட்டது. களைத்த கைகள் கால்களின் பூட்டு விழும் 'டக்' ஓசைக்குக் காத்திருக்காமல் விட்டுவிடுவதும் இதற்கு ஒரு காரணமாகலாம். மின் ஸ்ட்ரெச்சரும் முழுக்கப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. முழு உயரத்தில் வைத்து மேடுபள்ளத்தில் தள்ளினால் கனமெல்லாம் மேலே இருக்கும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலே சாய்ந்துவிடும். கரடான தரையில் தாழ்த்தித்தான் தள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஒரு வண்டியில் இருவர்: ஓட்டுநரான பைலட், மருத்துவ உதவி செய்யும் இஎம்டி. பல வண்டிகளில் இஎம்டியாகப் பெண்கள் இருக்கிறார்கள். இங்கே பொதுவாகப் புழங்குவது கையால் இயக்கும் உருட்டு ஸ்ட்ரெச்சர். வண்டியின் விளிம்பில் முட்டியதும் முன்கால்கள் தாமாக மடங்கும், பிறகு பின்கால்கள். இந்த அமைப்பு ஏற்றும்போது வரும் பாரத்தைக் கணிசமாகக் குறைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தரையில் கிடப்பவரை உயர்த்தும் வேலை அப்படியேதான் இருக்கிறது. அது முழுக்க மனித முதுகின் வேலை. வண்டி மேட்டில் நின்று பின்பக்கம் உயர்ந்துவிட்டால் ஏற்றுவதும் கடினமாகிவிடும்.

அப்படியானால் எல்லா 108 வண்டிக்கும் மின் ஸ்ட்ரெச்சர் வாங்கிவிடலாமா? அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். சென்னையின் பழைய வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவரிடம் எந்தச் சக்கர ஸ்ட்ரெச்சரும் போய்ச் சேராது. படிக்கட்டு வளைவில் 37 கிலோ ஸ்ட்ரெச்சரே திரும்பாது. 57 கிலோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். வயல் வரப்பிலும் கடற்கரை மணலிலும் அதுவே நிலை. அங்கெல்லாம் தேவை வேறு: படியில் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கும் பட்டை வைத்த படிக்கட்டு நாற்காலி, பக்கவாட்டில் இரண்டாகப் பிரிந்து நோயாளியின் அடியில் நுழையும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சர், ஆறேழு பேர் பிடிக்கக் கைப்பிடிகள் தைத்த தடித்த துணித் தூளி. இவை விலை குறைந்தவை, பேட்டரி வேண்டாதவை. எல்லா வண்டியிலும் இவை நல்ல நிலையில் இருப்பதை உறுதிசெய்வதுதான் முதல் வேலை.

அதன் பிறகு, நாள் முழுக்க அழைப்பு வரும் நகர வண்டிகளிலும், கர்ப்பிணிகளையும் உடல் பருத்தவர்களையும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாற்றும் வண்டிகளிலும் மின் ஸ்ட்ரெச்சரைச் சோதித்துப் பார்க்கலாம். வாங்கினால் ஏற்றும் கருவியோடு சேர்த்தே வாங்க வேண்டும். ஸ்ட்ரெச்சரை மட்டும் வாங்கிவிட்டு, ஏற்றும் கருவிக்குப் பணமில்லை என்று நிறுத்தினால், கூடுதலான 20 கிலோவில் ஏறக்குறைய பாதியைக் கால்மாட்டில் நிற்பவரின் கையில் ஏற்றியதாகிவிடும். பழுது பார்க்க ஆளும் உதிரி பேட்டரியும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். இல்லையென்றால் ஓராண்டில் அது மருத்துவமனையின் மூலையில் கிடக்கும். ஊழியர்களின் முதுகுவலி விடுப்புகளை முறையாகப் பதிவுசெய்வதையும் இப்போதே தொடங்கலாம். அந்தக் கணக்கு இல்லாமல் நயாகராவைப் போன்ற ஓர் ஆய்வை நாம் செய்யவே முடியாது.

கருவி வரும்வரை நம்மால் ஆவதும் உண்டு. 108ஐ அழைக்கும்போது எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா, நோயாளி பருமனானவரா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டி வருவதற்குள் வாசலில் நிற்கும் பைக்குகளையும் நடையில் கிடக்கும் செருப்புகளையும் ஒதுக்கிவையுங்கள். தூக்க உதவப் போனால் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல், இஎம்டி 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லும்வரை காத்திருந்து, முழங்காலை மடக்கி, அவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் தூக்குங்கள்.