16 பக்க ஜெராக்ஸும் 30 வருடப் பிடிவாதமும்!

மார்வெல் படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் தியேட்டரில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மீதிப் பேர், கடைசியில் வரும் அந்தக் குட்டிக் காட்சிக்காகக் காத்திருப்பார்கள். நடுவில் ஓடும் பெயர்களை யார் படிக்கிறார்கள்? பொறுமையாகப் படித்தால் ஜாக் கிர்பி என்ற பெயர் கண்ணில் படும்.

ஸ்டான் லீயை நமக்குத் தெரியும். கண்ணாடியும் மீசையுமாகப் படத்துக்குப் படம் சில விநாடிகள் தலைகாட்டிவிட்டுப் போன தாத்தா. கிர்பிக்கு அந்த முகராசி இல்லை. அவர் ஓவிய மேஜைக்குப் பின்னாலேயே வாழ்ந்தவர். 1941-ல் ஜோ சைமனுடன் சேர்ந்து கேப்டன் அமெரிக்காவை உருவாக்கினார். 60-களில் ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென், பிளாக் பாந்தர் எல்லாமே அவர் பென்சில் முனையில் உருவம் பெற்றவை. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவ்வளவுதான். பங்கு, ராயல்டி எதுவும் கிடையாது. தான் வரைந்த ஒரிஜினல் பக்கங்களைத் திரும்ப வாங்கவே நிறுவனத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். வரைந்தது பல ஆயிரம் பக்கம். 1987-ல் கைக்கு வந்து சேர்ந்தது ஏறத்தாழ 2,000 பக்கம்.

1994 பிப்ரவரி 6 அன்று, 76 வயதில் அவர் இறந்துபோனார்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலி என்றொரு ஊர். அங்கே ஜான் மாரோ, பமீலா மாரோ என்ற தம்பதி சிறிய விளம்பர வடிவமைப்பு நிறுவனம் நடத்திவந்தார்கள். வீட்டில் இரண்டு மாரோக்கள் என்பதால் நிறுவனத்தின் பெயர் டூமாரோஸ். ஆங்கிலத்தில் 'நாளைகள்' என்றும் காதில் விழும். ஜான், கிர்பியின் பரம ரசிகர். அதே வருடம் செப்டம்பரில், கிர்பிக்காக மட்டுமே 16 பக்கத்தில் ஒரு பத்திரிகை தயாரித்தார். பெயர், 'தி ஜாக் கிர்பி கலெக்டர்'. அச்சகமெல்லாம் கிடையாது. ஜெராக்ஸ்தான். 125 பேருக்குத் தபாலில் போனது.

இறந்துபோன ஓர் ஓவியரைப் பற்றி எத்தனை இதழ் போட முடியும்? பத்து? பதினைந்து? விஷயம் தீர்ந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தீரவில்லை. ஒரு காரணம், கிர்பியின் மனைவி ராஸ் கொடுத்த ஒத்துழைப்பு. இன்னொரு காரணம் கொஞ்சம் விளக்க வேண்டியது.

அந்தக் காலத்து அமெரிக்க காமிக்ஸில் ஒருவர் பென்சிலில் வரைவார். அதே தாளின் மேல் இன்னொருவர் மையால் வரைவார். மை ஏறியதும் பென்சில் கோடு அழிந்துபோகும். ஆகவே நாம் அச்சில் பார்ப்பது பாதி கிர்பி, பாதி இன்னொருவர். ஆனால் 70-களின் தொடக்கத்திலிருந்து, பக்கங்களை அனுப்புவதற்கு முன்னால் கிர்பி நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. அந்த நகல்கள்தான் புதையல். மை தொடாத, அசல் கிர்பியின் கை. 'கிர்பி கலெக்டர்' அவற்றை இதழ் இதழாக அச்சிட்டது. ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இருக்க முடியாது என்பது என் கட்சி.

ஜெராக்ஸ் பத்திரிகை அச்சு இதழானது, பிறகு ஆளுயரத்துக்கு வளராவிட்டாலும் செய்தித்தாளில் பாதி அளவுக்கு வளர்ந்தது. ஒன்று பலவானது. 1998-ல் 'காமிக் புக் ஆர்ட்டிஸ்ட்', 1999-ல் 'ஆல்டர் ஈகோ', 2003-ல் 'பேக் இஷ்யூ'. கூடவே புத்தகங்கள். ஓர் ஓவியரின் வாழ்க்கை, மூடப்பட்ட ஒரு கம்பெனியின் கதை, பத்துப் பத்து வருடங்களாகப் பிரித்து எழுதிய காமிக்ஸ் சரித்திரம் என்று வரிசை நீண்டது.

இதில் 'ஆல்டர் ஈகோ' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது 1961-ல் ஜெர்ரி பெயில்ஸ் என்ற ரசிகர் ஆரம்பித்த கையெழுத்துப் பத்திரிகை மாதிரியான ஒன்று. அவருக்குத் துணையாக இருந்த இளைஞர் ராய் தாமஸ். அந்த ராய் தாமஸ்தான் பின்னால் மார்வெலில் வேலைக்குச் சேர்ந்து, 1972-ல் ஸ்டான் லீக்கு அடுத்த ஆசிரியராக உட்கார்ந்தவர். அவரே டூமாரோஸுக்காக அந்தப் பழைய பெயரைத் தூசுதட்டி எடுத்தார். 40-களில் வரைந்தவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுப்பது பத்திரிகையின் முக்கிய வேலையாக இருந்தது.

பேட்டி என்றால் 'உங்கள் பொழுதுபோக்கு என்ன' ரகம் இல்லை. இந்தக் கதையில் இந்தப் பக்கத்தை வரைந்தது நீங்களா, பக்கத்து மேஜைக்காரரா? என்ன கூலி? செக்கின் பின்புறம் என்ன எழுதியிருந்தது? பெரிய வரலாற்று ஆசிரியர்கள் கேட்காத கேள்விகள். கேட்க வேண்டிய அவசரமும் இருந்தது. ஜோ சைமன் 2011-ல் போய்விட்டார். ஸ்பைடர்மேனின் முதல் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்டான் லீயும் 2018-ல் ஒரே வருடத்தில் போனார்கள். டிட்கோ பல பத்து வருடங்களாகப் பேட்டியே கொடுக்காதவர். அவர் சொல்லாமல் போனது போனதுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வலி புரியும். 'முத்து காமிக்ஸ்' வழியாக இரும்புக்கை மாயாவியைத் தெரியாத அந்தத் தலைமுறைப் பையன் உண்டா? அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர். பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நம் குற்றமில்லை. 1962-ல் அந்தக் கதை வெளியான பிரிட்டிஷ் வார இதழிலேயே அவர் பெயரைப் போடவில்லை. அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலும் அப்படித்தான். பின்னால் யாரோ சில ரசிகர்கள் உட்கார்ந்து, கோட்டைப் பார்த்து, ஆளைக் கண்டுபிடித்து, எழுதிவைத்ததால்தான் நமக்கே தெரிகிறது.

சரி, வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். பழைய காமிக்ஸ் பற்றிய புத்தகம் போட்டுப் பிழைக்க முடியுமா?

சும்மா ஒரு மனக்கணக்கு. 40 டாலர் விலையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் பொதுவாக அட்டை விலையில் பாதிக்கும் மேலே கழித்துக்கொண்டுதான் எடுப்பார். பதிப்பாளர் கைக்கு 16 டாலர். கலர் அச்சுக்கும் கப்பல் கூலிக்கும் 8 போனால் மிச்சம் 8. 1,500 பிரதி விற்றால் 12,000 டாலர். இதில்தான் எழுதியவர், தொகுத்தவர், பக்கம் வடிவமைத்தவர், கிடங்கு வாடகை, மூலை நசுங்கித் திரும்பி வந்த பிரதிகள் எல்லாம். ஒரு வருட உழைப்புக்கு இதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது.

விற்கும் முறையும் விசித்திரமானது. அங்கே காமிக்ஸ் கடைக்காரர் இரண்டு மாதம் முன்னதாகவே கேட்லாக் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காவிட்டால் திருப்பித் தர முடியாது. அதனால் ஸ்பைடர்மேன் என்றால் 50 பிரதிக்குத் தைரியமாக டிக் அடிப்பார். 1950-களில் மை போட்ட ஓவியரின் வாழ்க்கை வரலாறு என்றால் ஒன்று. அல்லது அதுவும் இல்லை. டூமாரோஸ் இடையில் லெகோ கட்டைகள் பற்றி 'பிரிக் ஜர்னல்' என்று ஒரு பத்திரிகையும் கொண்டுவந்தது. சிலர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் வீட்டில் சமையலுக்கு ஒரு வருமானம் இருந்தால்தானே கோயில் திருப்பணி நடக்கும்?

இத்தனைக்கும் பலன் உண்டா என்றால், நீதிமன்றம் வரை போன கதை ஒன்று இருக்கிறது.

2009-ல் டிஸ்னி ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கப்போவதாக அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் கிர்பியின் பிள்ளைகள், கதாபாத்திரங்களின் உரிமையைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். 2010-ல் மார்வெல் வழக்குப் போட்டது. கிர்பி கூலிக்கு வரைந்தவரா, சொந்தமாக உருவாக்கி விற்றவரா என்பதுதான் கேள்வி. 60-களில் அந்த ஆபீஸில் நடந்ததைச் சொல்லப் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. கிர்பி குடும்பம் இரண்டு பேரை நிபுணர்களாகக் கொண்டுவந்தது. ஒருவர், கிர்பியிடம் உதவியாளராக இருந்த மார்க் இவானியர். மற்றவர், ஜெராக்ஸ் பத்திரிகை ஆரம்பித்த ஜான் மாரோ.

நீதிமன்றம் இருவரின் சாட்சியத்தையும் ஏற்கவில்லை. சம்பவ இடத்தில் இருந்தவர்கள் அல்ல, பிறர் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறார்கள் என்பது சாரம். 2011-ல் தீர்ப்பு மார்வெல் பக்கம். 2013-ல் மேல்முறையீட்டிலும் அதேதான். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கூலிக்காரர்களின் சரித்திரம் வேறு எப்படி எழுதப்படும்? கம்பெனி கோப்பு கம்பெனியிடம் இருக்கிறது. மற்றவர்களுக்கு இருப்பது பேட்டியும் கடிதமும் ஞாபகமும்தான்.

குடும்பம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. மனுவை எடுத்துக்கொள்ளலாமா என்று நீதிபதிகள் கூடிப் பேசுவதற்குச் சில நாட்கள் முன்பு, 2014 செப்டம்பர் 26 அன்று, இரு தரப்பும் சமாதானம் ஆனார்கள். தொகை ரகசியம். அதன் பிறகு மார்வெல் காமிக்ஸ் இதழ்களில் 'உருவாக்கியவர்கள்: ஸ்டான் லீ, ஜாக் கிர்பி' என்று போட ஆரம்பித்தார்கள். 2018-ல் ஜான் மாரோ, லீயும் கிர்பியும் வெவ்வேறு காலங்களில் சொன்னவற்றை வருட வரிசைப்படி அடுக்கி ஒரு புத்தகமே போட்டார். பிறர் சொன்னதைத் தொகுப்பதுதானே குறை? அதையே முழு மூச்சாகச் செய்திருக்கிறார்!

இப்போது புதுத் தலைவலி. அமெரிக்காவின் காமிக்ஸ் கடைகளுக்குப் பல வருடங்கள் ஏகபோகமாகச் சரக்கு அனுப்பிய டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. பெரிய கம்பெனிகள் முன்பே விலகி வேறு விநியோகஸ்தர்களிடம் போய்விட்டன. மாட்டிக்கொண்டது அந்த ஒரே வழியை நம்பியிருந்த சிறு பதிப்பாளர்கள். சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை. அதோடு முடியவில்லை. விற்ற பிறகு பணம் என்ற முறையில் பல பதிப்பகங்கள் டயமண்ட் கிடங்கில் வைத்திருந்த புத்தகங்களை விற்றுக் கடனை அடைக்க, அந்த வருடம் ஜூனில் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்பகங்களின் புத்தகங்கள்! என் புத்தகம் என்னுடையதுதான் என்று நிரூபிக்க வக்கீல் வைக்கும் நிலை. பல சிறு பதிப்பகங்களுக்கு வக்கீல் ஃபீஸ், அந்தப் புத்தகங்களின் விலையைவிட அதிகம்.

மிஞ்சியிருக்கும் நம்பிக்கை, சந்தாதாரர்களும் நேரடியாக ஆர்டர் கொடுப்பவர்களும்தான். 'கிர்பி கலெக்டர்' 90 இதழ்களைத் தாண்டியிருக்கிறது. ஊர் அதே ராலி. அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையைத் தொடும். ஆனால் டூமாரோஸ் தளத்தில் பிடிஎஃப்-பாகக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. சில பக்கங்களை இலவசமாகவும் புரட்டிப் பார்க்கலாம். திருட்டுத்தனமாக இறக்கிய பிரதியைப் படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து எங்களிடம் வந்து வாங்குங்கள் என்ற வேண்டுகோளும் பிடிஎஃப் இதழ்களில் உண்டு. நடுத்தரமான போன் போதும். பென்சில் கோடுகளை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பாருங்கள்.