போர்டு போனால் மெஷின் போச்சா?

பழுதான வாஷிங் மெஷினைத் திறந்து பார்க்கும் திருப்பூர் மெக்கானிக்குகள் பலரிடம் ஒரே பதில்தான் கிடைக்கும்: "மோட்டார் நல்லாருக்குதுங்க, டிரம்மும் நல்லாருக்குது. போர்டுதான் போயிருச்சு. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லைங்க." அதோடு அந்த மெஷினின் கதை முடிந்துவிடுகிறது. எஃகு, செம்பு, பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து எடைக்குப் போகின்றன. உழைக்கும் பாகங்கள் அத்தனையும் உயிரோடு இருக்க, எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் உள்ளங்கை அகல அட்டை ஒன்று செத்ததுதான் காரணம்.

அந்த அட்டையின் வேலையைச் செய்யக்கூடிய பொதுவான அட்டைகள் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பழைய மெஷின்களும் கைத்திறன் மிக்க மெக்கானிக்குகளும் தெருவுக்குத் தெரு இருக்கும் பின்னலாடை ஊரில் இந்தக் குறையைத் தீர்க்க முடியும், தீர்த்தே ஆக வேண்டும்.

முதலில் சாவது எது?

இரும்பும் செம்பும் மெதுவாகத் தேய்கின்றன. பேரிங் தேய்ந்தால் புதியது போடலாம். மோட்டார் காயில் எரிந்தால் ரீவைண்டிங் செய்யலாம். எலக்ட்ரானிக் அட்டையின் நிலை வேறு. அதில் உருளை வடிவில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது சிறிது சிறிதாக உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. சூடாவதும் குளிர்வதுமாக மாறி மாறி வருவதால் ஈயப் பற்றுகளில் விரிசல் விழுகிறது.

திருப்பூரில் இதோடு பஞ்சும் சேர்கிறது. நிட்டிங் கூடங்களில் பறக்கும் பஞ்சு அட்டையின்மேல் போர்வையாகப் படிந்து சூடு வெளியேறாமல் தடுக்கிறது. மழைக்காலத்தில் அதே பஞ்சு ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் வழி திறக்கிறது.

செத்த அட்டையைப் பழுதுபார்க்க முயன்றாலும் ஒரு தடை உண்டு. அதிலுள்ள சிப்புக்குள் எழுதப்பட்ட புரோகிராமை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. பாகங்களை மாற்றத் தெரிந்தவருக்கும் அந்தப் புரோகிராம் கிடைக்காது. ஆகவே பழைய அட்டையோடு மல்லுக்கட்டாமல், அது செய்த வேலையைப் புரிந்துகொண்டு வேறொரு அட்டையிடம் ஒப்படைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

பூட்டு இல்லாத அட்டை

2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்புக் கல்லூரி ஒன்றின் மாணவர்களுக்காக மாசிமோ பான்சியும் அவர் நண்பர்களும் உருவாக்கியது ஆர்டுயினோ. எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். சுற்று வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். பரவலாகப் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ அட்டையின் சிப்பில் புரோகிராமுக்கு 32 கிலோபைட் இடம்தான் உண்டு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஆனால் தண்ணீர் மட்டம் பார்த்து, நேரம் எண்ணி, மோட்டாரை ஓட்டி நிறுத்த அந்த இடம் தாராளம். பின்னால் வந்த இஎஸ்பி32 வகை அட்டைகளில் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்தே வருகின்றன.

இந்த அட்டைகள் செய்வது மூன்று வேலை: சென்சார் மூலம் நிலைமையை அறிவது, புரோகிராம்படி முடிவெடுப்பது, முடிவை மின்குறிப்பாக வெளியே அனுப்புவது. ஊனோவின் ஒரு முனை பாதுகாப்பாகத் தரக்கூடிய மின்னோட்டம் சுமார் 20 மில்லிஆம்பியர். ஒரு சிறு எல்இடி விளக்குக்குத்தான் அது போதும். ஆகவே மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் இடையில் ரிலே அல்லது டிரைவர் நிற்க வேண்டும். அட்டை சொல்வதைக் கேட்டு, 230 வோல்ட்டைத் திறப்பதும் மூடுவதும் அவற்றின் வேலை.

உயிர்த்தெழுந்த பின்னல் இயந்திரம்

இந்த முறையின் மிக அழகான எடுத்துக்காட்டு பின்னலோடு தொடர்புடையதாகவே இருக்கிறது. ஜப்பானின் பிரதர் நிறுவனம் 1980களில் வீட்டு உபயோகத்துக்காக எலக்ட்ரானிக் பின்னல் இயந்திரங்களை விற்றது. நம் ஊரில் காலர் பின்னும் ஃபிளாட் நிட்டிங் மெஷினின் சிறிய உறவு அவை. 200 ஊசிகள் வரிசையாக நிற்க, அவற்றின்மேல் நகரும் கேரேஜைக் கையால் இடமும் வலமும் இழுக்க வேண்டும். எந்த ஊசி எந்த நிற நூலைப் பின்ன வேண்டும் என்பதை உள்ளிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தீர்மானிக்கும். 1990களின் இறுதியில் அந்நிறுவனம் இந்தத் தொழிலை விட்டது. ஊசியும் கேரேஜும் ஓடக்கூடிய நிலையில் இருந்தபோதும், டிசைன் ஏற்ற வழியில்லாமல் பல இயந்திரங்கள் முடங்கின.

2010-இல் அமெரிக்காவின் பெக்கி ஸ்டெர்னும் லிமோர் ஃப்ரைடும் ஓர் உத்தியைச் செய்து காட்டினார்கள். பிரதரின் கேஎச்-930 வகை இயந்திரம் வெளியிலிருந்து டிசைனைப் படிக்க நெகிழ்வட்டுக் கருவி ஒன்றை எதிர்பார்க்கும். அவர்கள் கணினியையே அந்தக் கருவிபோல நடிக்க வைத்து, விரும்பிய படத்தை இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். ஸ்டீவ் காங்க்லின் என்பவர் முன்பே செய்திருந்த ஆய்வு இதற்கு அடிப்படை. அடுத்து வந்தவர்கள் இன்னும் துணிந்து, பழைய எலக்ட்ரானிக்ஸையே கழற்றிவிட்டார்கள். 2012-இல் வர்வாரா குல்யாயேவாவும் மார் கானெட்டும் நிட்டிக் என்ற திட்டத்தில் அதைச் செய்தார்கள். கிறிஸ்டியன் ஓபர்ஸ்டைனரும் ஆண்ட்ரியாஸ் முல்லரும் அயாப் என்ற திட்டத்தில் ஆர்டுயினோவின்மேல் பொருந்தும் ஒரு துணை அட்டையை வடிவமைத்தார்கள்.

அயாப் வேலை செய்யும் விதம் கவனிக்கத் தக்கது. கேரேஜ் எந்த ஊசியைக் கடக்கிறது என்பதை இயந்திரத்தில் ஏற்கெனவே உள்ள சென்சார்கள் சொல்கின்றன. அந்தக் குறிப்பை ஆர்டுயினோ படிக்கிறது. கணினியிலிருந்து படம் வரி வரியாக வருகிறது. கறுப்புப் புள்ளி வந்தால் ஓர் ஊசி முன்னே, வெள்ளை வந்தால் பின்னே. 200 ஊசிகளுக்கும் தனித்தனி மின்காந்தம் கிடையாது. 16 மின்காந்தங்கள், கேரேஜ் நகர நகர மாறி மாறி எல்லா ஊசிகளுக்கும் பணி செய்கின்றன. 1804-இல் ஜாக்கார்ட் துளையட்டைகளால் தறிக்குச் சொன்ன அதே "ஆம், இல்லை" மொழிதான் இதுவும். ஜப்பானியப் பொறியாளர்கள் கடைந்தெடுத்த ஊசிப்படுகை அப்படியே இருக்க, முடிவெடுக்கும் இடம் மட்டும் மாறியது.

பவர்டேபிளில் நடந்த மாற்றம்

இதே தத்துவம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. பழைய பவர்டேபிள் தையல் மெஷின்களின் அடியில் கிளச் மோட்டார் தொங்கும். சுவிட்ச் போட்டதும் அது ஓயாமல் சுற்றும். டெய்லர் பெடலை மிதிக்கும்போது கிளச் பிடித்து ஊசிக்கு வேகம் போகும். துணியை எடுத்து வைக்க, மடிக்க, திருப்ப ஆகும் நேரமே அதிகம். ஊசி ஓடும் நேரம் குறைவு. மீதி நேரமெல்லாம் மோட்டார் வெறுமனே சுற்றி மின்சாரத்தை வெப்பமாகவும் இரைச்சலாகவும் மாற்றுகிறது.

கிளச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் பொருத்தினால், பெடலை மிதித்தால் மட்டுமே சுற்றுகிறது. அதோடு வரும் சிறு கட்டுப்பாட்டு அட்டை வேகத்தை அளந்து, ஊசியை மேலே நிறுத்தவும் செய்கிறது. மெஷினின் ஹெட் பழையதேதான். பெஞ்சில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்குச் சூடும் சத்தமும் குறைகின்றன, மின்கட்டணமும் இறங்குகிறது.

வட்ட நிட்டிங் மெஷினிலும் இப்படிச் செய்யலாம். ஒரு ரோலுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு வைத்துத்தான் துணியை அறுக்கிறார்கள். பழைய மெஷினின் கவுண்டர் கெட்டுவிட்டால், சுற்றும் பாகத்தில் ஒரு சிறு காந்தமும் எதிரே நிற்கும் சட்டத்தில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் வைத்தால் போதும். நிமிடத்துக்கு 30 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 2 வினாடி. ஆகவே அரை வினாடிக்குள் இரண்டாவது குறிப்பு வந்தால் அது அதிர்வால் வந்த பொய்க்குறிப்பு என்று ஒதுக்கும்படி புரோகிராமில் ஒரு வரி எழுத வேண்டும். வைஃபை உள்ள அட்டையானால் எண்ணிக்கை சூப்பர்வைசரின் கைப்பேசிக்கே போய்விடும்.

ரைஸ் குக்கரில் லேப் டிப்

வீட்டுச் சாதனத்துக்கு வருவோம். சாயப்பட்டறையில் பெரிய அளவில் சாயமேற்றுவதற்கு முன், சிறு துண்டுத் துணியில் நிறம் பார்ப்பதை லேப் டிப் என்கிறார்கள். பருத்திக்கான ரியாக்டிவ் சாயங்களில் பல 60 டிகிரியில், சோடா ஆஷ் சேர்ந்த நீரில், நூலிழையோடு வேதிப்பிணைப்பு கொள்கின்றன. வெப்பநிலை தவறினால் ஷேடு மாறும். நிறம் பற்றிக் கற்கும் மாணவர்களுக்கும், சிறு அளவில் துணி அச்சிட்டுச் சாயமேற்றுபவர்களுக்கும் ஒரு பழைய ரைஸ் குக்கர், ஓர் அட்டை, தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே ஆகியவை சேர்ந்தால் பயிற்சிக்கான தொட்டி கிடைத்துவிடும். அந்த சென்சார் மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிப் பிழைக்குள் அளக்கும்.

60 வந்ததும் ஹீட்டரை அணைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. அடித்தட்டில் தேங்கிய வெப்பம் தொடர்ந்து ஏறி நீரை இன்னும் சில டிகிரி சூடாக்கிவிடும். பின்பு ஆறி, மறுபடி ஏறி, ஊஞ்சல் ஆடும். இலக்கை நெருங்கும்போதே பிரேக்கை மெல்ல மிதிக்கும் பஸ் டிரைவரைப் போல அட்டை நடந்துகொள்ள வேண்டும். இலக்குக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறோம், இதுவரை சேர்ந்த பிழை எவ்வளவு என்ற மூன்றையும் கூட்டிக் கணக்கிடும் பிஐடி முறை இதற்காகவே இருக்கிறது. பத்து வினாடியில் மூன்று வினாடி மட்டும் ஹீட்டரை இயக்கு என்பதுபோல அது அளந்து ஆணையிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டுப்போனால் பெரும்பாலும் மின்சாரம் ஓடும் நிலையிலேயே நின்றுவிடும். அட்டை நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் நிற்காது. ரைஸ் குக்கரின் அடியில் இதற்கு ஒரு காவல் ஏற்கெனவே இருக்கிறது. 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் காந்த ஈர்ப்பை இழக்கும்படி செய்த ஃபெரைட் துண்டு அது. கியூரி வெப்பநிலை எனப்படும் அந்த எல்லையில் ஸ்பிரிங் விடுபட்டு, மின்தொடர்பு தானாக அறுந்துவிடும். புரோகிராமும் வேண்டாம், சிப்பும் வேண்டாம். புதிய அட்டையைப் பொருத்துகிறவர் இந்தப் பழைய காவலை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. மீட்டெடுக்கும் எந்தச் சாதனத்துக்கும் பொருந்தும் விதி இது: அதில் ஏற்கெனவே இருக்கும் ஃபியூஸ், தெர்மோஸ்டாட், கதவு சுவிட்ச் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்கு முன்னால்தான் நம் அட்டை உட்கார வேண்டும்.

சாயத்தொட்டியில் உப்பும் சோடாவும் கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே பாத்திரத்துக்கு எர்த் கட்டாயம். இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். மைக்ரோவேவ் அவனையும் பழைய பிக்சர் டியூப் டிவியையும் கற்றுக்கொள்பவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மைக்ரோவேவின் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

மூன்றாவது மீட்பு

2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சியின் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. அது நல்லதே. ஆனால் உருக்கி உலோகம் எடுப்பதைவிட, ஓடும் பொருளை ஓடவிடுவது மேலானது. மோட்டாரை உருக்கினால் செம்பு திரும்பி வரும். அதை மோட்டாராகச் செய்த உழைப்பும் ஆற்றலும் திரும்பி வராது.

திருப்பூருக்கு இது புது வித்தை அல்ல. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்டைக் கிழித்துப் பஞ்சாக்கி, ஓஇ (ஓப்பன் எண்ட்) மில்களில் மறுபடி நூலாக்கும் தொழில் இந்த வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரிலிருந்து நீரையும் உப்பையும் மீட்கும் முறையைப் பெரும் செலவில் இந்த ஊர் கற்றுக்கொண்டது. துணி, தண்ணீர் இரண்டையும் மீட்டாயிற்று. அடுத்தது மெஷின்.

ஆளும் கருவியும் தனித்தனியே கிடக்கின்றன. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் பள்ளிகளுக்கு ஆர்டுயினோவும் சென்சார்களும் வந்தன. அவற்றை வைத்து மாணவர்கள் விளக்கை மினுக்கிக் கண்காட்சியில் வைக்கிறார்கள். அதற்கப்பால் போக அவர்களுக்கு ஒரு நிஜமான பழுது தேவை. பெல்ட், பேரிங், காயில் என்று சத்தத்தை வைத்தே பழுது சொல்லும் மெக்கானிக்குக்கோ புரோகிராம் எழுதித்தர ஓர் ஆள் தேவை. ஒவ்வொரு ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் ஒரு நீள மேசை போட்டு, வாரம் ஒருநாள் இருவரையும் ஒரே மெஷினுக்கு முன் உட்கார வைக்கலாம். தொழில் அமைப்புகள் பழைய மெஷின்களைத் தரட்டும். மின்பாதுகாப்பு தெரிந்த ஆசிரியர் மேற்பார்வை செய்யட்டும். செய்து முடித்த சுற்றுப்படத்தையும் புரோகிராமையும் தமிழில் குறிப்போடு பொதுவில் வைத்தால், அதே மாடல் கெட்ட அடுத்த கம்பெனி அதைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

1937-இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தபோது, வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றிருந்த ஒரு பொருளைக் கொங்கு மண்ணின் பட்டறைகள் தம்முடையதாக்கிக்கொண்டன. மோட்டாரை நம்மால் செய்ய முடியும் என்று அன்று நிரூபித்தார்கள். அந்த மோட்டாருக்கு ஆணையிடும் அட்டையையும் நம்மால் செய்ய முடியும், மாற்ற முடியும் என்பதை இந்தத் தலைமுறை நிரூபிக்க வேண்டும். அப்போது "இந்த மாடலுக்குப் போர்டு வர்றதில்லை" என்பது ஒரு மெஷினை எடைக்குப் போடுவதற்கான காரணமாக இருக்காது.