பின்வரிசைக் கதிரை

எழுவைதீவில் நான் படிப்பித்த காலத்தில் தரம் 3 இல் ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சொல்வதெழுதலில் "பசி" என்றால் "பதி" என்று எழுதுவாள். கவனமில்லாத பிள்ளை என்று நினைத்து அவளைப் பின்வரிசையில் இருத்தினேன். அப்படிச் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் இறங்குதுறைப் பக்கம் படகின் சத்தம் கேட்டு வகுப்பு முழுவதும் யன்னலைப் பார்த்தது. அவள் மட்டும் முதலில் மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகே யன்னலைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

தாயாரிடம் சொன்னபோது, "வீட்டில கூப்பிட்டா வாறாள்தானே ரீச்சர்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை. அவை அந்தக் காதுக்கு எட்டின. ச, த போன்றவை மெல்லியவை, அவை எட்டவில்லை. கூப்பிடுவது கேட்கும், சொல்வது விளங்காது. மத்ரஸாவில் ஸீனையும் ஷீனையும் எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் பிரித்து ஓதாத பிள்ளையைத் திட்டுவதற்கு முன் காதைப் பரிசோதிப்பது நல்லது.

ஊர்காவற்றுறைக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். ஒரு பரிசோதனைக்கு ஒரு முழுநாள் போய்விடும். பின்னேரப் படகு தவறினால் இரண்டு நாள். தாயார் மூன்று முறை அலைந்தார். முடிவு: 55 டெசிபெல்லுக்குக் குறைந்த ஒலி அவளுக்குக் கேட்காது.

இதன் பொருளை ஒரு கணக்காகச் சொல்கிறேன். ஒரு மீற்றர் தூரத்தில் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல். தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபெல் குறையும். இரண்டு மீற்றரில் 54, நான்கு மீற்றரில் 48. நான் கொடுத்த பின்வரிசைக் கதிரை நான்கு மீற்றருக்கும் அப்பால் இருந்தது.

கேட்டல் கருவி கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். கருவி என் குரலை மட்டுமல்ல, கடற்காற்றையும் கதிரை இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெருப்பிக்கும். முதல் கிழமை அவள் அதைக் கழற்றிக் கழற்றிப் புத்தகப்பையில் வைத்தாள். காற்று அடிக்கும் பக்கத்து யன்னலைச் சாத்தினேன். கதிரைக் கால்களுக்குப் பழைய செருப்பு றப்பரை வெட்டி ஒட்டினோம். அவளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும் என் பழக்கத்தை விடத்தான் அதிக நாள் எடுத்தது. உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் பிடிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். கண்ணாடி முன் நின்று "பணம்", "மணம்" என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதட்டில் இரண்டும் ஒன்றுதான். அதனால் புதுச் சொல்லை எப்போதும் பலகையில் எழுதினேன். அதனால் மற்றப் பிள்ளைகளின் எழுத்துப்பிழைகளும் குறைந்தன.

கைதடிக்கு அனுப்ப வேண்டுமா என்று தாயார் அழுதார். இலங்கையில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கான முதற் பாடசாலை 1912 இல் தொடங்கியது. அது இரத்மலானையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடி நவீல்ட் பாடசாலை 1956 இல் உருவானது. கருவி போட்டும் பேச்சு விளங்காத பிள்ளைக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. அந்தப் பிள்ளையை "எப்படியும் பேசும்" என்று வீட்டில் வைத்திருந்தால், எந்த மொழியும் இல்லாமலே சிறுவயது கழிந்துவிடும். அப்படியான பிள்ளை என்றால் தயங்காமல் அனுப்பச் சொல்லியிருப்பேன். இவளுக்கு அது தேவைப்படவில்லை. வலுவிழந்தவர் என்பதற்காகக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது என்பதையும் தாயாருக்கு எழுதிக் கொடுத்தேன். ஏதாவது ஓர் அலுவலகத்தில் எப்போதாவது உதவும்.

பெற்றோருக்கு இன்னொன்று. பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி விடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். கவனிக்காமல் விட்ட சீழே பல பிள்ளைகளின் கேள்வியைக் குறைக்கிறது.

தீவுக் கடைகளில் அந்தச் சின்னப் பற்றறி கிடையாது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற எவரிடமும் தாயார் காசு கொடுத்துவிடுவார். வாங்கி வந்ததை ஈரம் படாமல் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைப்பார். காலையில் பள்ளிக்கு வரமுன் கருவியைத் தன் காதருகே பிடித்து, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் மகளுக்குப் போட்டுவிடுவார்.