சாதிச் சான்றிதழுக்கும் பூட்டு வேண்டும்

கல்லூரியில் கணினி படிக்கும் மாணவர்களுக்குத் ‘தகவல் பாதுகாப்பு’ என்றொரு அறிமுகப் பாடம் உண்டு. தொடக்கத்திலேயே மூன்று கொள்கைகளைச் சொல்லித் தருவார்கள். தகவல் உரியவர்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும்; அதை யாரும் முறைகேடாகத் திருத்தக் கூடாது; தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்க வேண்டும். இதற்கு வங்கியையும் ராணுவத்தையும் உதாரணம் காட்டுவார்கள். நம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பமே போதும்.

வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பணம் வராது. அது இரண்டாவது கொள்கை. கடைசி நாளில் இணையதளம் திறக்காவிட்டால் அந்த ஆண்டுப் படிப்பே ஆட்டம் காணும். அது மூன்றாவது. இவ்விரண்டும் நாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. முதல் கொள்கையைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

உதவித்தொகைப் பட்டியலைச் சாதிப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலோ, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாலோ என்ன நடக்கும்? நேற்றுவரை தோளில் கைபோட்டு நடந்தவரின் பார்வை மாறலாம். கடவுச்சொல் வெளியானால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். சாதி வெளியானால் எதை மாற்றுவது? சாதியைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை. ஆனால் யாரிடம், எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை நம்முடையது.

சட்டம் இதில் தடுமாறுகிறது. 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல்களில் சேர்த்தது. 2019 மசோதாவிலும் அது இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனிப்பிரிவே இல்லை. வகுப்பறையில் மாணவர்களின் சாதியை அறிவிப்பதைப் பாகுபாடு என்று யுஜிசியின் 2012 விதிமுறைகள் சொன்னதை இங்கே நினைவூட்ட வேண்டும்.

பாடத்திலேயே தீர்வு இருக்கிறது. ஒரு வேலைக்குத் தேவையான தகவலை, அந்த வேலையைச் செய்பவருக்கு மட்டும் காட்ட வேண்டும் என்பதுதான் அது. அதன்படி, விண்ணப்ப எண்ணை மட்டும் போட்டுப் பட்டியலை வெளியிடலாம். குறையிருந்தால் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்லலாம். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

மாணவர்களும் கவனமாக இருங்கள். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால், அங்குள்ள கணினியில் ஏற்றிய சாதிச் சான்றிதழ், ஆதார் நகல்களை அழித்து, கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே எழுந்திருங்கள். உதவித்தொகை வந்திருப்பதாகச் சொல்லி ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

சென்னை ஐஐடி நடத்திய தகவல் பாதுகாப்பு அறிமுகப் பாடத்தை என்பிடெல் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். வேலைக்காக மட்டும் அதைப் படிக்க வேண்டாம். ‘இந்தப் பட்டியலில் என் சாதி எதற்கு?’ என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்கவும் அந்தப் படிப்பு உதவும்.