தண்ணீரைப் பங்கிட்ட ஷேக்

துபாய், அபுதாபி என்ற பெயர்களைக் கேட்காதவர்கள் நம் நாட்டில் குறைவு. கேரளம், தமிழ்நாடு, ஆந்திரா என்று பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து பணம் வருகிறது. போட்டோக்கள் வருகின்றன. போட்டோவில் உயரமான கட்டடங்களும் அகலமான சாலைகளும் தெரிகின்றன.

எழுபது ஆண்டுகளுக்கு முன் அங்கே இவை எதுவும் இல்லை. மணல் இருந்தது. உப்புக் கரிக்கும் தண்ணீர் இருந்தது. பேரீச்சை ஓலையால் கட்டிய குடிசைகள் இருந்தன.

அந்த நாட்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஷேக் சாயித். 'ஷேக்' என்றால் தலைவர், குலத்தின் பெரியவர் என்று பொருள். அவர் அரச குடும்பத்தில் பிறந்தவர். 33 ஆண்டுகள் ஒரு நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர்.

எண்ணெய்ப் பணத்தால் அவர் பெரியவர் ஆனார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே அவர் ஒரு பெரிய வேலையைச் செய்திருந்தார். அது தண்ணீர் வேலை.

முத்துக் குளித்த ஊர்

அபுதாபி கடலோரத்தில் உள்ள ஒரு தீவு. அங்கே மழை மிகக் குறைவு. மக்கள் மீன் பிடித்தார்கள். ஒட்டகம் வளர்த்தார்கள். கோடை மாதங்களில் ஆண்கள் படகில் ஏறி முத்துக் குளிக்கப் போனார்கள்.

அந்த முத்துகள் பம்பாய்ச் சந்தைக்கு வந்தன. அரிசியும் துணியும் இந்தியாவிலிருந்து அங்கே போயின. நம் ரூபாய்தான் அங்கேயும் பணம். 1959இல் வளைகுடா நாடுகளுக்கு என்றே தனி ரூபாய் நோட்டை நம் ரிசர்வ் வங்கி அச்சிட்டது. 1966 வரை அபுதாபியில் அந்த நோட்டு செல்லுபடி ஆனது.

1930 வாக்கில் முத்துத் தொழில் விழுந்தது. ஜப்பானில் சிப்பிகளை வளர்த்து முத்து எடுக்கத் தொடங்கினார்கள். அந்த முத்து விலை குறைவு. உலகம் முழுவதும் பணமுடையும் வந்தது. அபுதாபியின் முத்தை வாங்க ஆள் இல்லை. படகுகள் கரையில் கிடந்தன. பலர் பிழைப்பு தேடி ஊரை விட்டுப் போனார்கள்.

தாய் வாங்கிய சத்தியம்

சாயித் 1918 வாக்கில் பிறந்தார். நான்கு சகோதரர்களில் அவரே கடைசி. குரானும் மார்க்க அறிவும் கற்றார். அந்தக் காலத்தில் அங்கே இன்றைய பள்ளிக்கூடம் கிடையாது. ஒட்டகம் ஓட்டவும் ராஜாளியை வைத்து வேட்டையாடவும் பாலைவன மக்களிடம் கற்றார்.

அவர் குடும்பத்தில் பதவிக்காக ரத்தம் சிந்தியது. அவர் தந்தை சுல்தான், 1922இல் தன் அண்ணனைக் கொன்று ஆட்சிக்கு வந்தார். 1926இல் அவரையே இன்னொரு சகோதரர் கொன்றார். அந்தச் சகோதரரும் 1928இல் கொல்லப்பட்டார். அதன் பின் சாயிதின் மூத்த அண்ணன் ஷக்பூத் ஆட்சிக்கு வந்தார்.

இவர்களின் தாய் பெயர் சலாமா. அவர் தன் நான்கு மகன்களையும் அழைத்தார். "ஒருவருக்கு எதிராக ஒருவர் கை ஓங்க மாட்டோம்" என்று சத்தியம் வாங்கினார். மகன்கள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள்.

அல் அய்னுக்கு வந்த அதிகாரி

அபுதாபியிலிருந்து கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் அல் அய்ன் இருக்கிறது. 'அய்ன்' என்றால் ஊற்று. பாலைவனத்தின் நடுவே தண்ணீர் உள்ள இடம் அது. அங்கே பேரீச்சந்தோப்புகள் நிறைய உண்டு. அன்று சாலை கிடையாது. ஒட்டகத்தில் போனால் பல நாள் ஆகும்.

1946இல் சாயிதை அந்தப் பகுதிக்கு அதிகாரியாக அவர் அண்ணன் நியமித்தார். அப்போது சாயிதுக்கு வயது 28 இருக்கும். கையில் பணம் அதிகம் இல்லை.

அவர் தினமும் ஒரு மரத்தடியில் தரையில் உட்காருவார். மக்கள் சுற்றி உட்காருவார்கள். ஒட்டகம் திருடு போனது, தோப்பு எல்லை, கடன் தகராறு என்று எல்லா வழக்கும் அங்கே வரும். யாரும் நேரே பேசலாம். 1948இல் தெசிகர் என்ற ஆங்கிலேயப் பயணி அங்கே வந்து இதைப் பார்த்தார். பிறகு அதைத் தன் நூலிலும் எழுதினார்.

தகராறுகளில் பெரியது தண்ணீர்த் தகராறு.

பலஜ் என்றால் என்ன?

அல் அய்னில் ஆறு இல்லை. ஏரி இல்லை. பிறகு தோப்புகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

தூரத்தில் ஹஜர் மலை இருக்கிறது. அங்கே பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்குகிறது. மலை அடிவாரத்தில் ஆழமாகக் கிணறு தோண்டினால் அந்த நீர் கிடைக்கும். அந்தக் கிணற்றின் அடியிலிருந்து ஊர் வரைக்கும் பூமிக்கு உள்ளேயே ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். வாய்க்கால் மிக மெதுவாகச் சரிந்து வரும். தண்ணீர் தானாக ஓடி வரும். ஏற்றம் வேண்டாம். மோட்டார் வேண்டாம். மண்ணுக்குள் ஓடுவதால் வெயிலில் வற்றுவதும் இல்லை.

வாய்க்கால் நெடுக இடைவெளி விட்டு மேலிருந்து குழிகள் இருக்கும். ஆட்கள் அதன் வழியே இறங்கிச் சேற்றை அள்ளுவார்கள்.

இதற்குப் பெயர் பலஜ். பங்கிடுவது என்ற பொருள் உள்ள சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. அல் அய்னில் சுமார் 3000 ஆண்டுகளாகப் பலஜ் இருக்கிறது.

வெட்டிய வாய்க்கால், விட்ட பங்கு

நம் ஊர்களில் ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது உண்டு. அங்கேயும் அப்படித்தான். பகலில் குச்சியின் நிழலை அளந்து நேரம் பார்த்தார்கள். இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். "உன் முறை முடிந்தது, மடையை மாற்று" என்பார்கள்.

ஆனால் அங்கே முறை என்பது சொத்து. அதை விற்கலாம், வாங்கலாம், வாடகைக்கு விடலாம். பணக்காரர்கள் அதிக முறைகளை வாங்கி வைத்திருந்தார்கள். ஏழை விவசாயிக்கு மரம் இருக்கும், தண்ணீர் இருக்காது. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டும். காசு இல்லாதவன் மரம் காயும்.

சாயித் முதலில் பழைய பலஜ்களைத் தூர் வார ஏற்பாடு செய்தார். பல இடங்களில் மண் சரிந்து வாய்க்கால் அடைந்து கிடந்தது. அவரும் ஆட்களோடு உள்ளே இறங்கி மண் அள்ளினார் என்று ஊர் மக்கள் சொல்வார்கள். பிறகு அல் சரூஜ் என்ற புதிய பலஜை வெட்டத் தொடங்கினார். அந்த வேலை முடியப் பல ஆண்டுகள் ஆயின.

தண்ணீர் பெருகினால் மட்டும் போதுமா? பங்கு மாறாவிட்டால் பெருகிய தண்ணீரும் பணக்காரர் தோப்புக்கே போகும்.

அந்த ஊரில் தண்ணீர் உரிமை அதிகம் வைத்திருந்தவர்களில் சாயிதின் குடும்பமும் ஒன்று. அவர் முதலில் தன் குடும்பத்தின் உரிமையை விட்டுக் கொடுத்தார். பிறகுதான் மற்றவர்களிடம் பேசினார். சிலர் முணுமுணுத்தார்கள். பாட்டன் சொத்தை எப்படி விடுவது என்றார்கள். புதிய பலஜில் தண்ணீர் வேண்டுமானால் பழைய தண்ணீரைப் பொதுவில் விட வேண்டும் என்று சாயித் உறுதியாக நின்றார். கடைசியில் அவர்களும் இறங்கி வந்தார்கள். தண்ணீருக்கு விலை இல்லை என்று ஆனது. காய்ந்த தோப்புகள் துளிர்த்தன.

1959இல் அல் அய்னில் ஒரு பள்ளிக்கூடத்தை அவர் தொடங்கினார். 1960இல் அமெரிக்க மருத்துவத் தம்பதி ஒருவரை அழைத்து ஒரு மருத்துவமனை தொடங்க வழி செய்தார். அதுவரை அங்கே பிரசவத்தில் தாயும் பிள்ளையும் இறப்பது சாதாரணமாக நடந்து வந்தது.

எண்ணெய் வந்தது

1958இல் அபுதாபியின் கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. 1962இல் முதல் கப்பல் எண்ணெய் ஏற்றிக்கொண்டு போனது. பணம் வரத் தொடங்கியது.

ஆனால் மக்கள் வாழ்க்கை மாறவில்லை. ஷக்பூத் செலவு செய்யப் பயந்தார். முத்துத் தொழில் விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். இந்தப் பணமும் ஒரு நாள் போய்விடும் என்று நினைத்தார். வெளியார் வந்து நம் பழக்கங்களைக் கெடுத்துவிடுவார்கள் என்றும் நினைத்தார். மக்கள் பொறுமை இழந்தார்கள். வேலை தேடிப் பக்கத்து நாடுகளுக்குப் போனார்கள்.

1966 ஆகஸ்ட் 6ஆம் தேதி அரச குடும்பம் கூடி முடிவு செய்தது. அண்ணனை இறக்கிவிட்டுத் தம்பியை ஆட்சியில் அமர்த்தியது. அப்போது அந்தப் பகுதி பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. பிரிட்டிஷ்காரர்களும் இதற்குத் துணை நின்றார்கள். ரத்தம் சிந்தவில்லை. ஷக்பூத் வெளிநாடு போனார். சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து அல் அய்னில் அமைதியாக வாழ்ந்தார். 1989இல் காலமானார். தாய்க்குச் செய்த சத்தியம் காப்பாற்றப்பட்டது.

சாயித் பணத்தை வெளியே எடுத்தார். சாலை, பள்ளி, மருத்துவமனை, வீடு என்று வேலைகள் தொடங்கின.

ஏழு நாடுகள், ஒரு கொடி

1968 ஜனவரியில் பிரிட்டன் ஓர் அறிவிப்பு செய்தது. 1971 முடிவதற்குள் வளைகுடாவை விட்டுப் போய்விடுவோம் என்றது. அங்கே இருந்தவை சின்னச் சின்ன நாடுகள். தனியாக நின்றால் பெரிய நாடுகள் விழுங்கிவிடலாம்.

சாயித் துபாயின் ஷேக் ராஷிதைச் சந்திக்கப் போனார். 1968 பிப்ரவரி 18ஆம் தேதி, இரண்டு நாட்டு எல்லைக்கு அருகே பாலைவனத்தில் ஒரு கூடாரத்தில் இருவரும் பேசினார்கள். ஒன்று சேருவது என்று கைகொடுத்துக்கொண்டார்கள்.

1971 டிசம்பர் 2ஆம் தேதி அபுதாபி, துபாய், சார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், புஜைரா ஆகிய ஆறும் சேர்ந்தன. 1972 பிப்ரவரியில் ராஸ் அல் கைமாவும் சேர்ந்தது. இதுதான் ஐக்கிய அரபு எமிரேட்டுகள். சாயித் முதல் ஜனாதிபதி ஆனார்.

இங்கே பழைய கேள்வி திரும்பி வந்தது. எண்ணெய் எந்த எமிரேட்டில் இருக்கிறதோ, அது அந்த எமிரேட்டின் சொத்து என்று சட்டம் சொல்லியது. பெரும்பகுதி எண்ணெய் அபுதாபியில் இருந்தது. சில எமிரேட்டுகளிடம் ஒன்றும் இல்லை. தண்ணீர் உரிமை போலவே இதுவும் ஒருவர் கையில் நிறைய, இன்னொருவர் கையில் வெறுமை.

சாயித் அபுதாபியின் பணத்தைப் பொதுச் செலவுக்குக் கொடுத்தார். எண்ணெய் இல்லாத எமிரேட்டுகளிலும் அந்தப் பணத்தில் சாலையும் பள்ளியும் வந்தன.

ஆனால் ஒவ்வொரு ஷேக்கும் தன் படையைத் தனியே வைத்துக்கொள்ள விரும்பினார். 1976இல் சாயித் "இனி எனக்கு இந்தப் பதவி வேண்டாம்" என்று அறிவித்தார். மற்றவர்கள் யோசித்தார்கள். பாதுகாப்பு முதலிய அதிகாரங்களை மத்திய அரசுக்கு விட்டுக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகே அவர் பதவியில் தொடர்ந்தார்.

பெண்களும் படித்தார்கள்

சாயிதின் மனைவி பாத்திமா 1973இல் அபுதாபியில் பெண்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் அங்கே வந்து படித்தார்கள். தன் மகள் பள்ளிக்குப் போகும் காலத்திலேயே தானும் எழுத்துக் கற்ற தாய்மார்கள் உண்டு. 1976இல் அல் அய்னில் நாட்டின் முதல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மரத்தடியில் வழக்குக் கேட்ட அதே ஊர் அது.

குறைகளும் உண்டு

சாயித் காலத்தில் அந்த நாட்டில் தேர்தல் நடக்கவில்லை. கட்சிகளுக்கு அனுமதி இல்லை. ஆட்சி அரச குடும்பங்களின் கையிலேயே இருந்தது.

அந்த நாட்டைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் இந்தியர்களே அதிகம். ஆனால் எவ்வளவு காலம் உழைத்தாலும் தொழிலாளி அந்த நாட்டின் குடிமகன் ஆக முடியவில்லை. அவர் அங்கே தங்குவது முதலாளியின் கையில் இருந்தது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டதால் துன்பப்பட்டவர்கள் பலர். குடிமக்களுக்குக் கிடைத்த பங்கு இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தண்ணீரிலும் ஒரு பாடம் உண்டு. பணம் வந்த பிறகு மோட்டார் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர் கீழே இறங்கியது. பலஜ்கள் வறண்டன. இன்று அல் அய்னில் கிணற்று நீரைப் பலஜில் விட்டு ஓடச் செய்கிறார்கள். நகரங்களில் கடல் நீரின் உப்பை நீக்கிக் குடிக்கிறார்கள்.

இன்றும் நடக்கும் இடம்

ஷேக் சாயித் 2004 நவம்பர் 2ஆம் தேதி காலமானார். அபுதாபியில் அவர் பெயரில் உள்ள பெரிய பள்ளிவாசலின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

2011இல் அல் அய்னின் தோப்புகளையும் பலஜ்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. இன்று அந்தத் தோப்புகளுக்குள் யாரும் நடந்து போகலாம். நிழலில் வாய்க்கால் ஓடுகிறது. ஒரு மரத்துக்குப் பாய்ந்த பின் மடையை மாற்றி அடுத்த மரத்துக்கு விடுகிறார்கள். மண்வெட்டி பிடித்து அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள்.